ஆங்கிலம் கற்பித்துக்கொண்டே ரஷ்ய மொழி கற்க: ரஷ்யாவில் குறுகிய கால வேலை தேடும் வழி

ரஷ்யாவில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க ஆள் தேவை எப்போதும் உண்டு. பள்ளிப் பிள்ளைகள் 11ஆம் வகுப்பு முடிவில் எழுதும் எகேஎ பொதுத்தேர்வில் ஆங்கிலமும் ஒரு விருப்பப் பாடம். மாலை நேரத்தில் பெரியவர்கள் கூடும் பேச்சு வட்டங்கள், ஆங்கிலம் பேசிப் பழக்கும் தனியார் மழலையர் பள்ளிகள், கம்பெனி அலுவலகத்துக்கே போய் எடுக்கும் வகுப்புகள், கோடை முகாம்கள் என வேலைக்குப் பல வாசல்கள். ஆனால் பலரும் தடுக்கி விழும் இடம் விசா. அதனால் வேலை விளம்பரங்களைத் திறப்பதற்கு முன், எந்தக் காகிதம் எதை அனுமதிக்கிறது என்பதைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள்.

எந்த விசாவில் எதைச் செய்யலாம்

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ரஷ்ய மின்விசா கிடைக்கிறது. 30 நாள் வரை தங்கலாம். ஊரைச் சுற்றலாம், சேர நினைக்கும் பல்கலைக்கழகத்தை நேரில் பார்க்கலாம், மொழி பழக ஆள் பிடிக்கலாம். சம்பளத்துக்கு ஒரு மணி நேரம்கூட வகுப்பு எடுக்க முடியாது. "ரொக்கமாகத்தானே வாங்குகிறேன், யாருக்குத் தெரியும்" என்ற பேச்சு வேண்டாம். அனுமதி இல்லாமல் வேலை செய்து பிடிபட்டால் மாஸ்கோ, செயின்ட் பீட்டர்ஸ்பர்க் இரண்டிலும் அவற்றைச் சுற்றியுள்ள மாகாணங்களிலும் 5,000 முதல் 7,000 ரூபிள் அபராதம், கூடவே கட்டாய வெளியேற்றம். அபராதம் சின்னதுதான். வெளியேற்றத்தோடு சேர்ந்து வரும் 5 வருட நுழைவுத் தடையில் படிப்புக் கனவும் போய்விடும். பணம் வேண்டாம், தங்க இடமும் சாப்பாடும் கொடுத்தால் போதும் என்ற ஏற்பாட்டையும் அதிகாரிகள் வேலையாகவே எடுத்துக்கொள்ளக்கூடும்.

சாதாரண வேலை விசாவுக்கு வேலை கொடுப்பவர்தான் ஓட வேண்டும். வெளிநாட்டவரை அமர்த்தும் அனுமதி, அழைப்புக் கடிதம், வேலை அனுமதி என்று அடுத்தடுத்து மூன்று படிகள். இதோடு ரஷ்ய மொழி, வரலாறு, சட்ட அடிப்படைத் தேர்வுச் சான்றும் கேட்பார்கள். உயர்தகுதி நிபுணர் என்ற தனி வழியில் அந்தத் தேர்வு இல்லை. ஆனால் மூன்று மாதத்துக்கு 750,000 ரூபிளுக்குக் குறையாத சம்பளம் காட்ட வேண்டும்; மொழிப் பள்ளிகள் அந்தத் தொகையைப் பெரும்பாலும் கொடுப்பதில்லை. ஆக, ஒரு கல்வியாண்டு முழுக்க இருப்பவருக்காகப் பள்ளி இந்த அலைச்சலைப் படும். இரண்டு மாதத்துக்கு வருபவருக்காகப் படாது. முகாம் வேலைக்கு முறையாக விசா எடுத்துத் தரும் நிறுவனம் கிடைத்தாலும், ஜூனில் போக ஜனவரியிலேயே காகித வேலையை ஆரம்பிக்க வேண்டும்.

ரஷ்ய மொழியும் கற்க வேண்டும், கொஞ்சம் சம்பாதிக்கவும் வேண்டும் என்பவருக்கு நாங்கள் முதலில் சொல்வது மாணவர் வழி. 2020 ஆகஸ்ட் முதல், அரசு அங்கீகாரம் பெற்ற பட்டப்படிப்பில் முழுநேரமாகப் படிக்கும் வெளிநாட்டு மாணவர், படிப்பு போக மீதி நேரத்தில் தனி வேலை அனுமதி இல்லாமலே வேலை பார்க்கலாம். ஒப்பந்தம் போட்ட 3 வேலை நாளுக்குள் வேலை கொடுப்பவர் உள்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். அதை அவர் செய்தாரா என்று கேட்டு நகல் வாங்கி வையுங்கள்.

இங்கே ஒரு நுணுக்கம். இந்தச் சலுகை பட்டப்படிப்புக்கானது. பட்டப்படிப்புக்கு முன் ஒரு வருடம் ரஷ்ய மொழி மட்டும் கற்றுத்தரும் ஆயத்தப் பிரிவுக்கோ (மாணவர் பேச்சில் 'பத்ஃபாக்'), சில வாரக் கோடை மொழி வகுப்புக்கோ அது தானாக வராது. கையில் இருப்பது மாணவர் விசாதான் என்றாலும் உரிமை வேறு. பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் "என் பாடத்திட்டத்தில் அனுமதி இல்லாமல் வேலை செய்யலாமா?" என்று எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். சீனியர் சொன்னார், ஏஜென்ட் சொன்னார் என்பது போலீஸிடம் செல்லாது.

பட்டப்படிப்புக்கு ரஷ்ய அரசின் உதவித்தொகை இடங்கள் உண்டு. சென்னை ஆழ்வார்பேட்டை கஸ்தூரி ரங்கா சாலையில் இருக்கும் ரஷ்ய மாளிகையில் (ரஷ்யப் பண்பாட்டு மையம்) விசாரிக்கலாம். அங்கேயே தொடக்கநிலை ரஷ்ய மொழி வகுப்பும் நடக்கிறது. மாஸ்கோவில் புஷ்கின் ரஷ்ய மொழி நிறுவனமும் மக்கள் நட்புறவுப் பல்கலைக்கழகமும் வெளிநாட்டவருக்கு மொழி கற்றுத்தருவதில் 1960களிலிருந்தே பழகியவை. கசான், தோம்ஸ்க் போன்ற ஊர்களில் செலவு குறைவு. வெளிநாட்டவர் குறைவாக இருப்பதால் தெருவில் ரஷ்ய மொழி பேசியே ஆக வேண்டிய நிலையும் வரும். அது உங்களுக்கு லாபம்.

காகிதங்களும், பெயரில் வரும் ஓர் எழுத்தும்

கற்பிக்கும் வேலைக்கு டிகிரி, போலீஸ் சான்றிதழ், கற்பித்தல் பயிற்சிச் சான்று மூன்றும் கைவசம் இருக்கட்டும். குற்றப் பின்னணி உள்ளவர் கற்பிக்கக் கூடாது என்று ரஷ்யத் தொழிலாளர் சட்டமே சொல்வதால், போலீஸ் சான்றிதழ் இல்லாமல் நல்ல பள்ளி ஒப்பந்தம் போடாது. டிகிரியை முதலில் மாநில அளவில் சரிபார்த்து, பிறகு வெளியுறவு அமைச்சகத்தில் அப்போஸ்டில் முத்திரை (காகிதம் வெளிநாட்டில் செல்லும் என்பதற்கான முத்திரை) வாங்க வேண்டும். போலீஸ் சான்றிதழுக்கும் அப்போஸ்டில் தேவை. பயிற்சிச் சான்றுக்குக் குறைந்தது 120 மணி நேரப் படிப்பு என்பது எழுதப்படாத வரம்பு. வீடியோ பார்த்து வாங்கிய சான்றைவிட, உண்மையான மாணவர்கள் முன் 6 மணி நேரம் வகுப்பு எடுக்கவைத்து மதிப்பிடும் செல்ட்டா என்ற பயிற்சிச் சான்றுக்கு மதிப்பு அதிகம். 3 மாதத்துக்கு மேற்பட்ட விசாவுக்கு எச்ஐவி பரிசோதனைச் சான்றும் கேட்பார்கள்.

தமிழர்களுக்கென்றே ஒரு சிக்கல் பெயரில் இருக்கிறது. நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இனிஷியலை விரித்து அப்பா பெயரைப் பாஸ்போர்ட்டில் ஒரு கட்டத்தில் போட்டிருப்போம், சிலருக்கு அந்தக் கட்டம் காலியாகவே இருக்கும். டிகிரியில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் விரிவு என்றால் ரஷ்ய அலுவலருக்கு அது இரண்டு ஆள். இரண்டும் ஒருவரே என்ற உறுதிமொழிப் பத்திரத்தை ஊரிலேயே எடுத்து, அதற்கும் அப்போஸ்டில் போட்டுவிடுங்கள்.

அடுத்தது ரஷ்ய எழுத்தில் பெயர். எழிலரசி என்ற பெயரின் 'ழ'வுக்கு நாம் ஆங்கிலத்தில் இசட், எச் என்று இரண்டு எழுத்து போடுகிறோம். விசா அச்சிடுபவர் அதை ஒரே ரஷ்ய எழுத்தாக்கி 'எஜிலரசி' என்பதுபோல் எழுதுவார். நோட்டரி அலுவலக மொழிபெயர்ப்பாளர் இரண்டையும் தனித்தனியாக எடுத்து 'எஸ்ஹிலரசி' ஆக்கிவிடுவார். ஓர் எழுத்து மாறினாலும் வங்கிக் கணக்கு, தங்கும் பதிவு, வேலை ஒப்பந்தம் எல்லாம் ஒன்றையொன்று மறுக்கும். விசாவில் ரஷ்ய எழுத்தில் எப்படி இருக்கிறதோ அதுவே கடைசிவரை உங்கள் பெயர். மொழிபெயர்ப்பாளரிடம் பாஸ்போர்ட்டோடு விசாப் பக்கத்தையும் நீட்டி "இப்படியே எழுதுங்கள்" என்று சொல்லுங்கள். முத்திரை விழுவதற்கு முன் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

போய் இறங்கியதும் விமான நிலையத்தில் தரும் குடியேற்ற அட்டையில் வந்த நோக்கம் விசாவோடு பொருந்த வேண்டும். படிக்க வந்துவிட்டுச் சுற்றுலா என்று விழுந்திருந்தால் கவுண்டரை விட்டு நகராமல் திருத்தச் சொல்லுங்கள். ஏழு வேலை நாளுக்குள் தங்கும் இடத்தில் பதிவு நடக்க வேண்டும். விடுதி என்றால் பல்கலைக்கழகம் பார்த்துக்கொள்ளும், வாடகை அறை என்றால் வீட்டுக்காரர் செய்ய வேண்டும். "பதிவு மட்டும் முடியாது" என்று சொல்லும் வீட்டுக்காரரின் அறை எவ்வளவு மலிவு என்றாலும் வேண்டாம். வேலை விசாவில் வந்தவர் 30 நாளுக்குள் கைரேகையும் மருத்துவப் பரிசோதனையும் முடிக்க வேண்டும்.

எப்போது, எங்கே தேடுவது

ரஷ்யப் பள்ளி வருடம் செப்டம்பர் 1ஆம் தேதி தொடங்கும். மொழிப் பள்ளிகள் ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதிவரை குழுக்களைச் சேர்க்கின்றன. அப்போதுதான் ஆசிரியர் தட்டுப்பாடு. இரண்டாவது வாய்ப்பு ஜனவரி விடுமுறை முடிந்து 9ஆம் தேதிக்குப் பிறகு, பாதியில் விட்டுப்போன ஆசிரியர்களின் இடத்துக்கு. மே மாத விடுமுறைகளிலிருந்து நகரத்து வகுப்புகள் கரைய ஆரம்பிக்கும். தேர்வு முடிந்த பிறகு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை முகாம்கள்தான். முகாமில் ஒரு சுற்றை 'ஸ்மேனா' என்பார்கள். பெரும்பாலும் 14 அல்லது 21 நாள். அங்கே மருத்துவப் புத்தகம் ஒன்றும் கேட்பார்கள், ரஷ்ய மருத்துவமனையில் பரிசோதனை செய்துதான் அது கிடைக்கும். அதற்கும் நாள் ஒதுக்குங்கள்.

விளம்பரங்களுக்கு ஹெட்ஹன்ட்டர் தளம்தான் பெரிய சந்தை. தனிப்பாடம் எடுப்பவர்கள் அவீத்தோ, ப்ரோஃபி தளங்களில் இருக்கிறார்கள். ஊர்ச் செய்திக்கு விகே சமூக வலைத்தளக் குழுக்கள். விளம்பரத்தில் 'நசீத்தெல்' என்ற சொல் அடிக்கடி வரும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர் என்று பொருள். இந்தியப் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் சில பள்ளிகள் பதிலே போடாது. அது வருத்தம்தான், ஆனால் அங்கே வாதாடி நேரத்தை வீணாக்க வேண்டாம். ஒரு நிமிட வீடியோவில் தெளிவாக, நிதானமாகப் பேசி விண்ணப்பத்தோடு அனுப்பினால், பாஸ்போர்ட் நிறத்துக்கு முன் உங்கள் குரல் அவர்களிடம் போகும். கணினி, மருத்துவம் படித்தவர்கள் அந்தத் துறைக்கான ஆங்கிலம் என்று குறிப்பிட்டு விண்ணப்பிப்பது நல்ல வழி. அங்கே உச்சரிப்பைவிடத் துறையறிவைப் பார்க்கிறார்கள்.

எகேஎ வாய்மொழித் தேர்வுக்குத் தயார்செய்வது இன்னொரு வாசல். நான்கு பணிகள்: ஒரு பத்தியை உரக்க வாசித்தல், விளம்பரம் ஒன்றைப் பார்த்து நான்கு கேள்வி கேட்டல், நேர்காணலில் ஐந்து கேள்விக்குப் பதில், இரண்டு படங்களை வைத்துத் தன் திட்டத்தை விளக்கல். மாதிரித் தாள்களும் மதிப்பெண் முறையும், தேர்வுத் தாள் தயாரிக்கும் ஃபிபி நிறுவனத்தின் தளத்தில் இலவசமாக இருக்கின்றன. இரண்டு நாள் உட்கார்ந்து அவற்றை மனப்பாடமாகத் தெரிந்துகொண்டால், தேர்வு முறை தெரியாத 'நசீத்தெல்'லைவிட அந்தப் பிள்ளைக்கு நீங்கள் பயன்படுவீர்கள்.

ஒப்பந்தமும் பணமும்

சம்பளம் எந்த மணி நேரத்துக்கு என்று முதலில் கேளுங்கள். ரஷ்யாவில் கல்வி மணி என்றால் 45 நிமிடம். 'பாரா' என்பது அதில் இரண்டு, அதாவது 90 நிமிடம். வாரத்துக்கு 20 மணி என்று ஒப்பந்தத்தில் இருந்தால் கடிகாரப்படி அது 15 மணிதானா, முழு 20ஆ என்பது எழுத்தில் வேண்டும். இரண்டு வகுப்புகளுக்கு நடுவே சும்மா இருக்கும் நேரத்தை 'அக்னோ', ஜன்னல் என்பார்கள். காலை 8 மணிக்கு ஒரு கம்பெனி வகுப்பு, மாலை 7 மணிக்கு ஊரின் மறுகோடியில் இன்னொன்று என்றால் நடுவே ஒரு பெரிய ஜன்னல், மெட்ரோவிலேயே இரண்டு மணி நேரம். அந்த நேரத்துக்குச் சம்பளம் கிடையாது.

வரியில் குறுகிய காலத்தவர்களுக்கு அடி பலம். பன்னிரண்டு மாதத்துக்குள் 183 நாள் ரஷ்யாவில் இருக்காதவருக்குச் சம்பள வரி 30 விழுக்காடு. 1,000 ரூபிளில் கைக்கு வருவது 700. அந்த நாளைத் தாண்டியவருக்கு 13 விழுக்காட்டிலிருந்து தொடங்கும். ரஷ்ய ஆசிரியர்கள் "சமசான்யாத்தியாகப் பதிவு செய்துகொள், 4 விழுக்காடுதான்" என்று நல்ல எண்ணத்தில் சொல்வார்கள். அந்தச் சுயதொழில் வரித்திட்டம் ரஷ்யர்களுக்கும் பெலாருஸ், கசக்ஸ்தான் போன்ற சில அண்டை நாட்டினருக்கும் மட்டுமே. இந்தியர் சேர முடியாது.

இந்தியாவில் வாங்கிய வங்கி அட்டைகள் (விசா கார்டு, மாஸ்டர்கார்டு) 2022 மார்ச் முதல் ரஷ்யாவில் வேலை செய்வதில்லை. முதல் சம்பளம் வரச் சில வாரம் ஆகும். அதுவரைக்கும் டாலரோ யூரோவோ ரொக்கமாகக் கொண்டுபோய் வங்கியில் மாற்றுங்கள். கிழிசல், பேனாக் கிறுக்கல் உள்ள நோட்டை வங்கி வாங்க மறுக்கக்கூடும் என்பதால் சுத்தமான நோட்டாகப் பார்த்து வாங்குங்கள். 2025 ஜனவரி முதல் வெளிநாட்டவர் சிம் வாங்க ஸ்னில்ஸ் எண் (சமூகக் காப்பீட்டு எண்), அரசு இணையக் கணக்கு, முகம்-குரல் பதிவு எல்லாம் வேண்டும். ஒரே நாளில் நடக்கிற காரியம் இல்லை. விடுதி முகவரியையும் தொடர்பு எண்களையும் ரஷ்ய எழுத்தில் காகிதத்தில் அச்சிட்டு வைத்திருங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். உதவியாளர் வேலை, பாதுகாப்பு வேலை என்று ஆசைகாட்டப்பட்டு வந்த இந்திய இளைஞர்கள் ரஷ்யப் படையில் சேர்க்கப்பட்டுப் போர்முனைக்குப் போய் உயிரிழந்திருக்கிறார்கள். இந்திய வெளியுறவு அமைச்சகம் பலமுறை எச்சரித்திருக்கிறது. புரியாத ரஷ்யக் காகிதத்தில் எக்காரணம் கொண்டும் கையெழுத்துப் போடாதீர்கள். "வெறும் ஃபார்மாலிட்டி" என்று அவசரப்படுத்துபவரிடமிருந்து விலகிவிடுங்கள். பாஸ்போர்ட்டை வேலை கொடுப்பவர் வைத்துக்கொள்ள உரிமை இல்லை. மாஸ்கோ தூதரகத்தின் அவசர எண் கைப்பேசியிலும் காகிதத்திலும் இருக்கட்டும். பெல்கரோத், கூர்ஸ்க், ப்ரியான்ஸ்க் போன்ற உக்ரைன் எல்லை மாகாணங்களில் எந்த வேலை வந்தாலும் வேண்டாம்.

முதல் வகுப்பு: தமிழ் தெரிந்தவர் கையிலிருக்கும் சாவி

பள்ளிகள் அரை மணி நேர மாதிரி வகுப்பு எடுக்கச் சொல்லும். பலர் தம்மை அறிமுகப்படுத்தியே பத்து நிமிடத்தைக் கரைக்கிறார்கள். அரை மணியில் மாணவர் பேசுவது பதினைந்து நிமிடமாவது இருக்க வேண்டும். பின்வரிசையில் அமர்ந்திருப்பவர் அதைத்தான் எண்ணுகிறார். "புரிந்ததா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் தலையாட்டுவார்கள். கேள்வியாகவோ வாக்கியமாகவோ திருப்பிச் சொல்லவையுங்கள்.

ரஷ்யர்கள் எங்கே தடுமாறுவார்கள் என்பது பெரும்பாலும் முன்கூட்டியே தெரியும். ரஷ்ய மொழியில் ஆங்கில 'எ', 'த' போன்ற சுட்டுச் சொற்கள் கிடையாது. "நான் மாணவன்" என்பதில் நமக்கு எப்படி ஆங்கில 'ஏம்', 'இஸ்' தேவையில்லையோ அப்படியே அவர்களுக்கும். ஆகவே 'ஐ ஸ்டூடன்ட்' என்பார்கள். தமிழரும் அதே பள்ளத்தைத் தாண்டி வந்தவர்தான். இங்கிலாந்துக்காரருக்கு ஏன் தவறுகிறது என்றே பிடிபடாத இடத்தில் உங்களுக்கு உடனே விளங்கும்.

சொல்லின் கடைசியில் வரும் அதிரும் ஒலியை ரஷ்ய நாக்கு அடக்கிவிடும். 'லவ்' என்பது 'லஃப்' ஆகும், 'ஃபைவ்' 'ஃபைஃப்' ஆகும். தொண்டையில் இரண்டு விரலை வைக்கச் சொல்லுங்கள். கடைசி ஒலியில் விரல் அதிர வேண்டும். 'திங்க்' 'சிங்க்' ஆவதற்குக் கண்ணாடி போதும், பல்லுக்கு நடுவே நாக்கு நுனி தெரிய வேண்டும்.

குறில் நெடில் இன்னும் சுவாரசியம். ரஷ்ய மொழியில் உயிரின் நீளத்தால் பொருள் மாறுவதில்லை. அதனால் 'ஷிப்'பும் 'ஷீப்'பும் ஒரே மாதிரி வரும், கப்பலும் ஆடும் ஒன்றாகிவிடும். நமக்கோ ஒரு மாத்திரை, இரண்டு மாத்திரை சின்ன வயதுப் பாடம். குறிலுக்கு விரலை ஒருமுறை சொடுக்கி, நெடிலுக்குக் கையை அகல இழுத்துக் காட்டுங்கள். நீளத்தோடு உதடும் மாறுவதைக் கவனிக்கச் சொல்லுங்கள்: 'ஷீ'க்கு உதடு விரியும், 'ஷி'க்குத் தளரும். பத்து இணைச் சொற்களை எழுதி, நீங்கள் சொல்வதற்கேற்ப அவர்கள் கை காட்டட்டும். காதுக்குப் பிடிபட்ட பிறகு வாய்க்கு வாருங்கள். வரிசை மாறினால் வாரக்கணக்கில் இழுக்கும்.

சிறு பிள்ளைகள் வகுப்புக்கு ஐந்தாறு ரஷ்யச் சொற்கள் இல்லாமல் உள்ளே போகாதீர்கள்: 'தீஹ' (சத்தம் வேண்டாம்), 'ஸ்லூஷய்த்யெ' (கேளுங்கள்), 'பவ்தரீத்யெ' (திருப்பிச் சொல்லுங்கள்), 'யெஷ்ஷோ ராஸ்' (இன்னொரு முறை), 'மலத்யெத்ஸ்' (சபாஷ்). மாற்றுச் செருப்பு ஒரு ஜோடி பையில் இருக்கட்டும். பனியில் நனைந்த பூட்ஸோடு மழலையர் வகுப்புக்குள் விடமாட்டார்கள்.

உங்கள் ரஷ்ய மொழி என்ன ஆகும்

வாரத்துக்குக் கடிகாரப்படி 15 மணி நேரத்துக்கு மேல் கற்பித்தால் ரஷ்ய மொழி நின்றுவிடும் என்பது எங்கள் தீர்மானமான கருத்து. நாள் முழுக்க ஆங்கிலம் பேசி, இரவு தமிழ் நண்பர்களோடு சமைத்துச் சாப்பிட்டால் ரஷ்ய மொழி நுழைய இடமே இல்லை. விடுதியில் ரஷ்யர் இருக்கும் அறையைக் கேட்டு வாங்குங்கள். கிளம்புவதற்கு முன் ரஷ்ய எழுத்துகளும் தொடக்கநிலைத் தேர்வுக்கான 780 சொற்களும் முடிந்திருந்தால் நல்லது. அடுத்த நிலைக்கு 1,300, அதற்கடுத்து 2,300. ஆங்கிலம் அறிந்தவர் வேலைக்குப் போதுமான ரஷ்ய மொழிக்குச் சுமார் 1,100 வகுப்பு மணி ஆகும் என்பது அமெரிக்க வெளியுறவுப் பயிற்சி நிறுவனத்தின் கணக்கு. ஒரு பருவத்தில் சரளம் வந்துவிடும் என்று நம்பிப் போகாதீர்கள்.

இங்கேயும் தமிழ் உதவுகிறது. ரஷ்ய மொழியில் ஆறு வேற்றுமை. எட்டு வேற்றுமை படித்தவருக்குச் சொல்லின் வால் மாறுவதில் திகைப்பு இல்லை. ஆண்பால், பெண்பால், இரண்டிலும் சேராத நடுப்பால் மூன்றுக்கும் வால் வேறுவேறாக இருப்பதில்தான் உழைப்பு. வினையில் 'பிசால்', 'நபிசால்' என்று இரண்டு வடிவம் வந்து ஐரோப்பியரைப் பாடாய்ப் படுத்தும். 'எழுதினேன்', 'எழுதிவிட்டேன்' என்று வைத்துப் பாருங்கள், பாதிக்கு மேல் விளங்கிவிடும். அழுத்தம் விழாத 'ஒ' 'அ'வாக ஒலிப்பதையும் முதல் வாரமே பழகுங்கள். பாலை 'மொலொகோ' என்று எழுதி 'மலகோ' என்று சொல்வார்கள்.

காசில்லாத நல்ல வழி டாண்டெம். ஒரு ரஷ்யரோடு அரை மணி ஆங்கிலம், அரை மணி ரஷ்யம். கைப்பேசியில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் யாருக்கு நன்றாகத் தெரிகிறதோ அந்த மொழிக்கே பேச்சு சரிந்துவிடும், அது எப்போதும் ஆங்கிலமாகத்தான் இருக்கும்.

கிளம்பும்போது

ஒப்பந்தம் முடியும் தேதிக்கு இரண்டு வாரம் முன்பே பள்ளிக்கு எழுத்தில் சொல்லுங்கள். கடைசிச் சம்பளம் வங்கிக்கு வந்து, ரூபிளை அங்கேயே மாற்றிய பிறகு கணக்கை மூடுங்கள். ஊரில் ரூபிளை மாற்றுவது சிரமம். எத்தனை மணி நேரம், எந்த வயதினருக்கு, எந்த நிலையில் கற்பித்தீர்கள் என்று பள்ளி முத்திரையோடு ஒரு சான்று வாங்குங்கள். பள்ளி இயக்குநர் ஊரில் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்; கோடையில் அவர் தாச்சாவுக்கு (ஊருக்கு வெளியே இருக்கும் கோடை வீடு) போய்விட்டால் அந்தக் கையெழுத்துக்கு ஆகஸ்ட் கடைசிவரை காத்திருக்க வேண்டியிருக்கும்.